தெருவைத் தாண்டும் ஒயர்

தவளக்குப்பம் தாண்டிய இந்தத் தெருவில் தையல்நாயகியின் வீடு புதுச்சேரி, எதிரே கலைவாணியின் வீடு தமிழ்நாடு. பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளும் இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு. ஒரு பக்கம் நின்றுபோனால் மறுபக்கத்து வீட்டிலிருந்து ஒயர் தெருவைத் தாண்டி வருவது இங்கே வழக்கம். இன்று தையல்நாயகியின் பக்கம் கரண்டு இல்லை. உள்ளே அவள் புருஷன் அம்மாவாசைக்கு மூச்சு கொடுக்கும் ஆக்சிஜன் மெஷின் அந்த ஒயரில்தான் ஓடுகிறது. உச்சிவெயிலில் வைக்கோல் லாரி வருகிறது. காலையிலிருந்து செய்வதுபோலவே துணிக்கொடியின் கவைக்கம்பால் ஒயரைத் தூக்கிப் பிடிக்கிறாள். தோள் விண்விண்ணென்று தெறிக்கிறது. வைக்கோல் உரசி ஒயர் இழுபட, மெஷின் ஒரு கணம் நின்று மறுபடி இரைகிறது. அதன்பிறகுதான் அவளுக்கும் மூச்சு வருகிறது. எதிர்வீட்டு டிவியில் செய்தி ஓடுகிறது. "அக்கா, கடலுக்கு அடியில கேபிள் போட்டு இலங்கைக்கும் நமக்கும் கரண்ட ஒண்ணா சேக்கப் போறாங்களாம்," என்கிறாள் வாசலில் நிற்கும் கலைவாணி. தெருமுனையில் அடுத்த லாரி ஹாரன் அடிக்கிறது. தையல்நாயகி கம்பை இறக்கவில்லை. "சேக்கட்டும்டி," என்கிறாள். "அங்க லாரி வராது."