புற்றைத் தொடாமல்

புளியங்குடி சாலையோரம் வீட்டுமனைகளுக்காக ஓடைக்காட்டைப் பொக்லைன் நிரவிக்கொண்டு வருகிறது. பிடுங்கிப் போட்ட உடைமுள் மரங்களின் மேல் சாயங்கால வெயில் கிடக்கிறது. ஒரு பாம்புப் புற்றின் முன்னால் ஓட்டுநர் மாரிக்கண்ணன் வண்டியை நிறுத்தி இறங்குகிறான். செருப்பைக் கழற்றிவிட்டு, புற்றுமண்ணைக் கிள்ளி நெற்றியில் இட்டுக்கொள்கிறான். இந்தக் காட்டுக்காக வருடக்கணக்காய் மனுக் கொடுத்து அலைந்த பொன்மணி வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். "புத்தத் தொடமாட்டேன்க்கா. சாமி இருக்க எடம்லா. சுத்தி வேலி போடச் சொல்லியிருக்கேன்," என்கிறான். அவள் முந்தானையால் கழுத்துப் புழுதியைத் துடைக்கிறாள். "சரி மக்கா. பாம்பு எந்த வழியா வரும்?" அவன் திரும்பிப் பார்க்கிறான். மூன்று பக்கமும் மனைக்கல் நட்ட மொட்டைத்தரை. நான்காவது பக்கம் மட்டும் கொஞ்சம் ஓடை மிச்சமிருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறுகிறான். பொக்லைன் புற்றை மெதுவாக வலம் வந்து, ஓடைக்குள் இறங்குகிறது.