அக்காவின் கையெழுத்து

“நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அக்கா பேனாவை மூடி, காகிதத்தின் மேலேயே வைத்துவிட்டாள்.

தம்பி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு பத்து. ஐந்து மணிக்குள் அவன் பதில் சொல்லியாக வேண்டும்.

அது இருவருக்கும் பொதுவான மூக்குக்கண்ணாடிக் கடை. அப்பா போகும்போது இரண்டு பேர் பெயரிலும் எழுதி வைத்துவிட்டுப் போனார். பன்னிரண்டு வருடமாக அக்கா பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறாள். தம்பி முன்னால் நின்று வியாபாரம் பார்க்கிறான்.

தம்பிக்குக் கடல் என்றால் பைத்தியம். லீவு கிடைத்தால் போதும், முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விடுவான். இப்போது ஒரு தீவிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஆழ்கடலில் மூழ்கி நீந்தக் கற்றுக்கொடுக்கும் வேலை. வருகிறேன் என்று இன்று ஐந்து மணிக்குள் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும். கடையின் முழுப் பொறுப்பையும் அக்கா ஏற்றுக்கொள்கிறாள் என்று எழுதிய காகிதத்தில் அவளுடைய கையெழுத்துதான் பாக்கி.

“ஏன்க்கா? காரணத்தையாவது சொல்லு.”

“இதை டைப் அடிக்கிறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேக்க என்ன இருக்கு? நீ எப்பவும் இங்கதானே இருக்கே.”

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கடைக்கதவு திறந்தது. காது பக்கம் திருகு கழன்ற கண்ணாடியோடு ஒரு பெரியவர் நின்றார். அக்கா வாங்கி, சின்னத் திருப்புளியால் இரண்டு சுற்றுச் சுற்றி, துடைத்துக் கொடுத்தாள். “இதுக்கெல்லாம் எதுக்குங்க காசு, போயிட்டு வாங்க” என்றாள். தம்பி அவரைப் பார்த்துச் சிரித்து வைத்தான். அவர் படி இறங்கியதும் சிரிப்பு போய்விட்டது.

மாடியிலிருந்து அம்மா இறங்கி வந்தாள். பின்னாலேயே தம்பியின் மனைவி. பாதி அடுக்கிய பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

“போட மாட்டேங்கிறாளாடா?” என்றாள் அம்மா.

“நீயே கேளும்மா.”

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “உனக்குத்தான் எதுலயும் ஒரு ஆசையில்லாமப் போச்சு. கல்யாணம் வேண்டாம்னே, சரின்னு விட்டோம். எங்கே கூப்பிட்டாலும் வர மாட்டே, சரின்னு விட்டோம். அவனுக்கு ஒரு வழி பொறந்திருக்கு. அது ஏன் உன் கண்ணை உறுத்துது?”

அக்கா கண்ணாடி துடைக்கும் துணியை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“அண்ணி,” என்றாள் தம்பியின் மனைவி. “இந்த ஒரு வாரமாத்தான் இவர் முகத்துல சிரிப்பையே பாக்கறேன். அதைக் கெடுத்துடாதீங்க.”

“அம்மா, நான் ஒரு விஷயம்…” என்று அக்கா ஆரம்பித்தாள்.

“நான் பேசிடறேன்க்கா, அப்புறம் நீ பேசு,” என்று தம்பி குறுக்கே வந்தான். மணி நாலரையைத் தாண்டியிருந்தது. “நாம வாழப்போறது ஒரே ஒரு தடவை. மனசுக்குப் பிடிச்ச வேலையைச் செய்யாம செத்துப்போனா, வாழ்ந்ததுக்கே அர்த்தமில்லை. கடை கடைன்னு இதையே கட்டிக்கிட்டு அழுதா, கடைசியில எதுக்குப் பொறந்தோம்னே தெரியாது. வீட்ல ஒருத்தருக்கு அப்படி ஒரு கனவு இருந்தா, மத்தவங்க தோள் கொடுக்கணும். அதுக்குப் பேருதானே குடும்பம்?”

அம்மா தலையை ஆட்டினாள். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்கா நிமிர்ந்து அவனையே பார்த்தாள்.

“இதை மனசாரத்தான் சொல்றியா?”

“சத்தியமா.”

“யாருக்கா இருந்தாலும்?”

“யாருக்கா இருந்தாலும்தான்.”

அக்கா பின்னறைக்குப் போய் ஒரு கடிதத்தோடு வந்தாள். கொண்டுவந்து காகிதத்தின் பக்கத்தில் வைத்தாள்.

“மலை மேல ஒரு ஆய்வுக்கூடம் இருக்கு. தொலைநோக்கி வெச்சு நட்சத்திரம் பாக்கற இடம். அந்தத் தொலைநோக்கிக்குள்ள இருக்கற கண்ணாடியைத் தேய்க்கிற வேலை. ஒரு தலைமுடியை ஆயிரமா வகுந்தா எவ்வளவோ, அவ்வளவு பிசகினாக்கூட நட்சத்திரம் கலங்கிப் போயிடும்.”

அம்மா கடிதத்தை எட்டிப் பார்த்தாள்.

“ஆறு வருஷமா லீவு நாள்ல பின்னறையில நான் என்ன பண்றேன்னு நினைச்சீங்க? நானே தேய்ச்ச கண்ணாடி ஒண்ணை அவங்களுக்கு அனுப்பி வெச்சேன். எட்டு மாசம் சோதிச்சுப் பாத்துட்டு, வர்ற திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லி எழுதியிருக்காங்க. போன ஞாயித்துக்கிழமை சாப்பிடும்போது சொல்லலாம்னு இருந்தேன். நீ முந்திக்கிட்டே.”

“நீயா?” என்றாள் அம்மா.

மருமகள் கடிதத்தை எடுத்துப் படித்தாள். படித்து முடித்து, அக்காவை ஒரு மாதிரி பார்த்தாள். இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருடத்தில் அவளை இப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோல.

தம்பி கடிதத்தை வாங்கினான். மெதுவாக, இரண்டு தடவை படித்தான். அவன் ஏதாவது சொல்வான் என்று அக்கா காத்திருந்தாள். அந்த ஒரு நிமிடம் அவள் முகம் சின்னப் பெண்ணின் முகம்போல இருந்தது.

“அதெல்லாம் சரிக்கா,” என்றான் தம்பி. “நீயும் போயிட்டா கடையை யாரு பாத்துக்கிறது?”