மை பூசிய வரி

நாலு மணி நாற்பதுக்குத் தகவல் அலுவலர், நிருபர் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டிருந்த கோப்பைத் திறந்து காட்டினார். கால்வாயில் கழிவு நீரைத் திறந்துவிட்ட நிறுவனத்தின் பெயர் மேல் மட்டும் கறுப்பு மை பூசியிருந்தது.

"பேரைக் கேட்டா மையைக் காட்டறீங்களே மேடம்! அந்தத் தண்ணியில குளிச்ச பிள்ளைங்களுக்கு உடம்பு பூராக் கொப்புளம்," என்றான் நிருபர்.

அலுவலர் அவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை ஒருமுறை பார்த்தார். "அவங்க ஆட்சேபணைக் கடிதம் கொடுத்திருக்காங்க தம்பி. 'அரைகுறைத் தகவலை வெளியிட்டுப் பீதியைக் கிளப்புவது பொறுப்பான இதழியல் ஆகாது'ன்னு எழுதியிருக்காங்க."

"அடேங்கப்பா! விஷத்தை ஊத்தினவன் எனக்கு இதழியல் பாடம் எடுக்கறானா? உங்க மையையும் சேர்த்து நாளைக்கு முதல் பக்கத்துல நாறடிக்கிறேன் பாருங்க."

"ஆட்சேபணையை மேலதிகாரி நேத்தே தள்ளுபடி பண்ணிட்டார். உங்க நல்லதுக்குத்தான் யோசிச்சேன்." மை பூசாத நகலையும் கடிதத்தையும் அவர் நீட்டினார்.

கோட்டையைப் பிடித்தவன் போல நிருபர் வாங்கிக்கொண்டான். கடிதத்தின் தலைப்பில் இருந்த சின்னம்தான் அவன் அடையாள அட்டையிலும் இருந்தது. கீழே அவன் முதலாளியின் கையெழுத்து. கால்வாயில் கலந்தது அவர்கள் பத்திரிகை அச்சகத்தின் கழிவு.

செல்பேசி அடித்தது. ஆசிரியர்.

"பேரு கிடைச்சுதாய்யா? 'மறைப்பது யாரை?'ன்னு தலைப்புப் போட்டு, கீழே கொட்டை எழுத்துல பேரைப் போட இடம் விட்டு வச்சிருக்கேன். சீக்கிரம் சொல்லு, யாரு?"