கடைசிக் காட்சிக்கு ஒரு கயிறு

"ஏங்க, இது தாலிக் கயிறா, மாடு கட்டுற கயிறா?"

மதுரையிலிருந்து வந்திருந்த நடிகை சாந்தம்மாள் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள். தேயிலை மூட்டை தைக்கிற சணல் நூலைத் திரித்துச் சோலைதான் அதைச் செய்திருந்தான். அவள் இழுத்து இழுத்துப் பார்த்தாள். கயிறு அறுபடவில்லை. கழுத்துத்தான் சிவந்தது.

"கடைசிக் காட்சியே தாலி அறுக்கிறதுதான். இதுக்கு நான் அரிவாளா கொண்டு வர?"

"உங்க பெட்டியில ஒண்ணு இருக்கும்னுல்ல நெனச்சோம்."

"பெட்டி என்கூட வந்தாத்தானே? போடிமெட்டுல வண்டி மாத்துறப்ப, சாந்தன்பாறை போற ஜீப்புல ஏத்தி விட்டுட்டான் உங்க ஆளு."

சோலை அவள் கழுத்தைப் பார்த்தான். "அப்ப நீங்க போட்டிருக்கிறது…"

சாந்தம்மாள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்காருங்க."

ஞாயிற்றுக்கிழமை. மூணாறுக்கு மேலே, எஸ்டேட் தொழிலாளர் கிளப்பில் மதியம் இரண்டு மணிக்கு நாடகம். கதாநாயகன் சோலை, கடைசியில் குண்டடிபட்டுச் சாகிறவன். பார்க்க மதுரையிலிருந்து நாடகக் காண்ட்ராக்டர் வந்திருந்தார். அங்கே நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகச் சினிமாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. மிச்சமிருந்தது சித்திரைப் பொருட்காட்சி மேடை. அதற்கு மலையிலிருந்து ஒரே ஒரு குழுவை எடுக்கப்போகிறார். அந்த மேடையில் ஒரு நாள் நிற்க வேண்டும். சோலைக்கு அதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

மூணாறு கடைக்கு இறங்கி ஏற நேரமில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தான். அறுப்பதற்கென்று கேட்டால் யார் மஞ்சள் கயிறு கொடுப்பார்கள்? கதவுகள் சாத்திக்கொண்டன. குருவம்மாள் விளக்குமாற்றோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஒரு துண்டு மஞ்சக் கெழங்குகூட தர மாட்டேன். நல்ல நாளும் அதுவுமா என்ன கேக்குற நீ? ஓடிப் போயிரு!"

கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்தான். மனைவி மாரித்தாய் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. போன வருஷம் நாடகக் குழு ஒன்றில் இடம் கிடைக்கும் என்று மதுரைக்குப் போனவன் திரும்பி வந்தபோது, காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் புதைத்து முடித்திருந்தார்கள். அன்றிலிருந்து அவள் பேச்சு குறைந்துபோயிற்று. ஆடி மாதம் ஊர்த்தலைவர் அழகுமலையிடம் தீர்வு கேட்டு ஒரு பிராது கொண்டுபோனாள். சோலை முந்திக்கொண்டு தலைவரைச் சாராயத்தோடு கவனித்திருந்தான். "அதுக்குன்னு ஒரு முறை இருக்கு. ஊரைக் கூட்டுறதுன்னா சும்மாவா? பாப்பம் தாயி" என்று அவர் அனுப்பிவிட்டார். அத்தோடு அது முடிந்தது.

"என்னத்தத் தேடுறீக?" என்று அவளே கேட்டாள்.

சொன்னான்.

அவள் துணியைக் கீழே வைத்தாள். "ஊரே வருதா?"

"ஒரு ஆளு பாக்கியில்ல."

"தலைவரு?"

"மொத வரிசையில. எம் பங்காளிக எல்லாரும் வாராக."

மாரித்தாய் கழுத்திலிருந்ததைத் தலைவழியாகக் கழற்றினாள். நிறம் மங்கிய பழைய கயிறு. ஒரு சுண்டு சுண்டினால் போதும்.

"இந்தாங்க."

சோலை கையை நீட்டாமல் கேட்டான். "அறுக்கிறதுக்குத்தான். தெரியுமுல்ல?"

"தெரியும். ஆனா அந்தப் பொம்பள கையில நான் குடுக்க மாட்டேன். ஒங்க கையிலதான் குடுப்பேன். இது என் தாலின்னு மைக்குல சொல்லணும். ஊருக்குத் தெரியணும்."

பெயருக்கு ஆசைப்படுகிறாள் என்று நினைத்தான். நாடகத்தின் அருமை இப்போதாவது இவளுக்குப் புரிந்ததே என்றும் நினைத்தான். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான்.

மேடையில், திரை ஏறுமுன் சொன்னான்: "இந்த நாடகத்துக்காக என் மனைவி மாரித்தாய் தன் தாலியையே கழற்றி என் கையில் கொடுத்திருக்கிறாள். இன்று உங்கள் முன்னால் அறுபடப்போவது அந்தத் தாலிதான்."

பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. காண்ட்ராக்டர் மட்டும் கைதட்டினார்.

கடைசிக் காட்சியில் சோலை செத்துக் கிடந்தான். சாந்தம்மாள் அவன் மேல் விழுந்து அலறி ஒரே இழுப்பில் அறுத்தாள். கிளப் முழுக்க அழுதது. விளக்குமாற்றோடு துரத்திய குருவம்மாளும் மூக்கைச் சிந்தினாள். மூடிய கண்ணுக்குள் சோலை மதுரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரை விழுந்ததும் காண்ட்ராக்டர் மேடைக்கே ஏறி வந்தார். "சித்திரைக்கு நீங்கதான் தம்பி. மலையில வேற யாரையும் நான் பாக்கப்போறதில்ல."

சோலை அறுந்த கயிற்றைப் பொறுக்கிக்கொண்டு கீழே ஓடினான். கூட்டம் இன்னும் கலையவில்லை. முன்வரிசையில் தலைவருக்கு எதிரே மாரித்தாய் நின்றாள். காலடியில் ஒரு துணி மூட்டை.

"மதுரைக்குப் போறோம் புள்ள! இந்தா, நாளைக்கே புதுக் கயித்துல கோத்துக் கட்டிருவோம்."

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. தலைவரிடம் சொன்னாள்.

"புருசன் தாலியத் தன் கையில வாங்கி, ஊர் கூடின எடத்துல வாய் தொறந்து சொல்லி, எல்லாரும் பாக்க அறுத்தாத்தான் புருசன் பொண்டாட்டிக்குத் தீர்வுன்னு ஆடியில சொன்னீக. வாங்குனாரு. சொன்னாரு. அறுத்தாச்சு. இனி நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போலாமாய்யா?"

அழகுமலை சோலையைப் பார்க்கவில்லை. சுற்றி நின்ற ஊரைப் பார்த்தார். பெண்கள் மாரித்தாய்க்கு வழிவிட்டு விலகினார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"தீந்துச்சு. போயிட்டு வா தாயி."