கடைசி வீட்டுக் கொல்லை

ஐப்பசி இடி தொடங்குமுன் ஸ்ரீவராகம் தெருவில் ஒரு வரிசை வீடுகள் முழுக்க இடிதாங்கி விற்றுவிட்டான் பிச்சுமணி. திருநெல்வேலியிலிருந்து கம்பெனிக்குப் புதிதாக வந்திருந்த மானேஜர் சாம்பசிவனால் நம்பவே முடியவில்லை.

"எப்படிடா சாதிச்சே?"

"முதல் ஆத்து சூடாமணி மாமிதான் சார் காரணம். இடி கம்பி வழியா மண்ணுல எறங்கிடும்னு சொன்னேன். 'எங்காத்துக் கொல்லையில எறங்கப்படாது, துளசி இருக்கு. கம்பியைப் பக்கத்தாத்துல புதைச்சுடு'ன்னா."

"புதைச்சியா?"

"புதைச்சேன். மறுநாளே பக்கத்தாத்து மாமா அலறிண்டு வந்தார். 'எனக்கும் ஒண்ணு போடு! மாமியாத்து இடியோட எங்காத்து இடியையும் சேர்த்து அடுத்தாத்துக்கு அனுப்பிடு'ன்னார். அப்படியே வரிசை பூரா போயிடுத்து சார்."

சாம்பசிவன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கடைசி ஆத்துக்காரன் சும்மா விட்டானா?"

"அது போன வாரம் வரை பூட்டித்தான் கிடந்தது. மொத்தத் தெரு இடியையும் அங்கே கிணத்தடியில எறக்கிட்டேன்."

சாம்பசிவனின் சிரிப்பு நின்றது.

"பச்சைக் கதவு போட்ட வீடா?"

"ஆமா சார்."

"நேத்திக்குத்தான்டா அங்கே பால் காய்ச்சிக் குடிவந்தோம்!"

வெளியே வானம் உறுமியது. பிச்சுமணி பதறவில்லை. ஆர்டர் புஸ்தகத்தைப் பிரித்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டான்.

"அப்போ உங்களுக்கும் ஒண்ணு எழுதிக்கட்டுமா சார்?"

மானேஜர் ஜன்னல் வழியே கறுத்த மேகத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எதிர் வரிசையில யார்றா இருக்கா?"