கடலைப் பார்த்த மனை

கடற்கரையில் ஒரு நண்டு புது வளை தோண்டி, கிரகப்பிரவேசத்துக்கு எறும்பையும் அதன் மனைவியையும் அழைத்திருந்தது.

"கடலைப் பார்த்த மனை, தம்பி. கிழக்கு வாசல். நீ என்ன வாங்கிப் போட்டிருக்கே?"

"ஊர்ல இருக்கிற எல்லாப் புத்துலயும் புத்துக்கொரு அரிசி போட்டு வச்சிருக்கேன், அண்ணே. ஒரு புத்து இடிஞ்சாலும் மத்தது காப்பாத்தும். புத்தெல்லாம் வளர வளர என் பங்கும் வளரும்."

"எங்கே, காட்டு பார்ப்போம்."

"காட்ட முடியாதுண்ணே. பரவிக் கிடக்கு."

"காட்ட முடியாத சொத்துக்கு எவன்டா பால் காய்ச்ச வருவான்?"

வந்திருந்த நத்தைகளெல்லாம் சிரித்தன. எறும்பின் மனைவி எறும்பை முறைத்தாள்.

சரியாகப் பால் பொங்கும் நேரத்தில், யாரும் அழைக்காத அலை ஒன்று வந்தது. பால் போனது, பானை போனது, வளையும் போனது. எறும்பும் மனைவியும் ஒரு தென்னை மட்டையில் தொற்றிக்கொண்டு தப்பித்தார்கள்.

நண்டு வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு எழுந்தது.

"பார்த்தியா தம்பி! கடலே வீட்டுக்குள்ள வந்துட்டுப் போகுது. இனிமே இந்த இடத்துக்கு விலை எங்கேயோ போயிடும்!"

எறும்பு சிரிக்க வாயைத் திறந்தது. அதற்குள் அதன் மனைவி முந்திக்கொண்டாள்.

"அண்ணே, பக்கத்து மனை காலியா இருக்கா?"