பச்சைச் சில்லு

அன்று பார்த்ததில் அது மரம் அறுக்கிற நாலாவது மைட்டர் மெஷின். ஊருக்கெல்லாம் கட்டில் செய்கிற தச்சருக்கு வீட்டுக் கட்டில் ஆடுவது மட்டும் கண்ணில் படவில்லையே என்று மனைவி வழியெல்லாம் பொரிந்துகொண்டு வந்திருந்தாள்.

கடைக்காரர் ஒரு வெள்ளைச் சட்டத்தை வைத்து அறுத்துக் காட்டினார். இரண்டு துண்டுகளோடு, பச்சை பெயின்ட் அடித்த மெல்லிய சில்லு ஒன்றும் விழுந்தது. மனைவி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அறுப்பெல்லாம் சுத்தம்தான். ஸ்டாண்டு ஆடுதேய்யா!” என்று சலித்துக்கொண்டு தச்சர் வெளியேறினார்.

வீட்டில் பச்சைக் கட்டில் ஆடவில்லை. நீளமாக இருந்த காலில் அந்தச் சில்லளவு குறைந்திருந்தது. மறுநாள் நாலு காலும் குட்டையாகியிருந்தன. அதற்கு மறுநாள் இன்னும் குட்டை.

“வர்றவனுக்கெல்லாம் அறுத்துக் காட்டுறான் போல. ஸ்டாண்டு ஆடினா ஆடிட்டுப் போகுது, போய் அந்தச் சனியனையே வாங்கிட்டு வாங்க!” என்று மனைவி கத்தினாள்.

கடையில் மெஷின் இருந்த இடம் காலியாக இருந்தது. “இப்பத்தாண்ணே வித்துச்சு,” என்றார் கடைக்காரர். “பெரிய பட்டறைக்காரர். பகல் பூரா ஓட்டுவாராம்.”

தச்சர் வீட்டுக்கு ஓடினார். கட்டில் தரையோடு கிடந்தது. அதன் நடுவில் மனைவி தன் இரண்டு கால்களையும் இழுத்து மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வாங்கிட்டீங்களா?” என்றாள்.